ரத்தசோகைத் திட்டத்தை மதிப்பிடப் போகும் தோழிக்கு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பிளஸ் டூ போகிறாள், வீடே அவளைச் சுற்றித்தான் ஓடுகிறது.

உங்கள் வட்டாரத்தில் வளரிளம் பெண்களுக்கான ரத்தசோகைத் திட்டத்தை மதிப்பிடும் பொறுப்பு உன்னிடம் வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். சமூகக் காரணிகளையும் பார்க்கச் சொல்கிறார்கள், கேள்வித்தாளில் சாதி, வருமானம் என்று இரண்டு கேள்வி சேர்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறாய். போதாது. அந்த இரண்டு கேள்வியால் யாருக்கு ரத்தம் குறைவு என்று தெரியும். திட்டம் அவளிடம் எந்த இடத்தில் நின்றுபோனது என்று தெரியாது. உனக்கு வேண்டியது இரண்டாவது.

நம் தமிழ்நாட்டிலிருந்தே போன ஒரு பாடம் இருக்கிறது. 1980-ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பித்தது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துமாவு கொடுத்தார்கள், அம்மாவுக்கு எதை எப்படி ஊட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே பலன் தெரிந்ததால் அதே மாதிரியை 1995-ல் பங்களாதேஷில் தொடங்கினார்கள். அங்கே எதிர்பார்த்த அளவு பலன் இல்லை. பின்னால் உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவே தோண்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. சொல்லிக்கொடுத்தது அம்மாவுக்கு. ஆனால் சந்தைக்குப் போய் வாங்குவது ஆண்கள். கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு என்ன என்று முடிவு செய்வது மாமியார். மையத்தில் கொடுத்த சாப்பாடும் சில வீடுகளில் கூடுதலாகச் சேரவில்லை, வீட்டுச் சாப்பாட்டுக்குப் பதிலாகப் போய்விட்டது. அம்மாக்களுக்கு விஷயம் தெரிந்துதான் இருந்தது. செய்ய நேரமும் பணமும் அதிகாரமும்தான் இல்லை. அறிவை மட்டும் அளந்திருந்தால் அந்தத் திட்டம் பாஸாகியிருக்கும்.

அதனால் கேள்வித்தாளைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடு. இரும்புச்சத்து மாத்திரை கிடங்கிலிருந்து கிளம்பி ஒரு பெண்ணின் ரத்தத்தில் சேரும்வரை என்னென்ன நடக்க வேண்டும் என்று வரிசையாக எழுது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'இது யார் கையில் இருக்கிறது' என்று எழுது. நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது, வாரம் ஒன்று. அது பள்ளிக்கு வந்து சேர வேண்டும். கொடுக்கிற அன்று அவள் பள்ளியில் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், அடுத்த வாரம் கைக்குள் ஒளித்துவைத்துவிடுவாள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து காலையில் சாப்பிடாமல் வருகிற பெண் மதியச் சத்துணவுக்குப் பிறகுதான் மாத்திரையை விழுங்க முடியும். அந்தப் பள்ளியில் எந்த நேரத்தில் கொடுக்கிறார்கள் என்று கேட்டுவிடு, பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது. விழுங்கிய கையோடு டீ குடித்தால் இரும்பு சரியாகச் சேராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மாத்திரையான அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் கொடுத்தாலும், கழிப்பறை இல்லாமல் செருப்பும் போடாமல் வெளியே போகிறவளுக்குக் கொக்கிப்புழு திரும்ப ஏறும்.

பள்ளியை விட்டு நின்ற பெண்ணுக்கு அங்கன்வாடியில் மாத்திரை கொடுக்க வேண்டும் என்று விதி. ஆனால் அவள் மில்லிலோ தையல் கம்பெனியிலோ இருக்கிற நேரத்தில்தான் அங்கன்வாடி திறந்திருக்கும். 'விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கையில் எழுதப்படுகிற பல விஷயங்கள் இப்படிப்பட்ட நேரப் பிரச்சினைதான். அதை அந்தப் பெண் மேல் போடாதே.

அடுத்தது சராசரி. கணக்குக்காக ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள். ஊரில் 700 பேர், காலனியில் 300 பேர். திட்டத்துக்கு முன் ரத்தசோகை ஊரில் 45 சதவீதம், காலனியில் 62. திட்டத்துக்குப் பின் ஊரில் 33, காலனியில் 63. மொத்தமாகப் பார்த்தால் 50 சதவீதம் 42 ஆகக் குறைந்தது, வெற்றி என்று கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் இடைவெளி 17-லிருந்து 30 ஆகிவிட்டது. புதுத் திட்டம் எது வந்தாலும் வசதி உள்ளவர்கள்தான் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொது சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு அட்டவணையிலும் மூன்று எண் வேண்டும்: மொத்தம், ஒவ்வொரு பிரிவு, பிரிவுகளுக்கு இடையே உள்ள இடைவெளி. இடைவெளி எண் முதல் பக்கத்திலேயே வரட்டும்.

இதற்கு சாம்பிளை ஆரம்பத்திலேயே சரிசெய்ய வேண்டும். 400 பேர் எடுத்து அதில் காலனி 80 பேர் என்றால், காலனியின் எண் கூடக் குறைய 11 புள்ளி ஆடும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 200 ஆக்கினால் 7 புள்ளி. கிராமம் கிராமமாகத் தேர்ந்தெடுத்தால் ஆட்டம் இன்னும் கூடும், அதற்கும் சேர்த்து எண்ணிக்கையை உயர்த்து. காலனியில் கூடுதலாக எடுத்ததை, மொத்த எண் போடும்போது மக்கள்தொகை விகிதப்படி குறைத்துக் கணக்கிட மறக்காதே.

பட்டியலை அங்கன்வாடி பதிவேட்டிலிருந்து அப்படியே எடுக்காதே. செங்கல் சூளைக் குடும்பங்களும் வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களும் அதில் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். நீங்களே வீடு வீடாக ஒரு பட்டியல் எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். பதிவேட்டில் இல்லாதவர்களின் எண்ணிக்கையே உன் முதல் கண்டுபிடிப்பு. காலை 10 மணிக்கு மேல் போகிற சர்வே, வீட்டில் இருப்பவர்களைத்தான் பார்க்கும். நூறு நாள் வேலைக்கும் மில் ஷிஃப்டுக்கும் போனவர்களைப் பார்க்க விடியற்காலையும் இரவு ஏழு மணிக்கு மேலும் போக வேண்டும். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டை எடுப்பதுதான் எல்லா சர்வேயிலும் நடக்கிற பெரிய தப்பு. வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை போகச் சொல், கிடைக்காதவர்களைக் காரணத்தோடு தனியாகக் குறித்துவைக்கச் சொல்.

வசதியை அளக்க டெல்லியிலிருந்து வருகிற பொருள் பட்டியல் இங்கே உதவாது. 2006-க்குப் பிறகு இலவச கலர் டிவி, 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், ஃபேன் என்று எல்லா வீட்டிலும் அரசே கொடுத்துவிட்டது. ஃபேன் இருப்பதால் வசதி என்று ஆகாது. கூரை எதனால் ஆனது, சொந்த நிலம் உண்டா, தினக்கூலியா மாதச் சம்பளமா, குழாய் வீட்டுக்குள் இருக்கிறதா தெருமுனையிலா, தண்ணீர் எடுக்க எவ்வளவு நேரம், வட்டிக்கு வாங்கிய கடன் உண்டா: இவற்றைக் கேள். ஏழை யார் என்று இவை காட்டிக்கொடுக்கும்.

ரத்தம் எடுப்பதில் கவனம். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். முதல் துளியைத் துடைத்துவிட்டு, தானாக வருகிற துளியை எடுக்க வேண்டும். ரத்தத் துளியை எடுத்துக் கருவியில் வைக்கிற சின்னத் தகடுதான் குவெட், அதன் டப்பாவைத் திறந்தே வைத்தால் ஈரம் ஏறிக் கெட்டுவிடும். முதல் சுற்றில் விரலில் எடுத்துவிட்டு அடுத்த சுற்றில் நரம்பில் எடுத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. இரண்டு சுற்றும் ஒரே பருவத்தில், ஒரே கருவியில் நடக்கட்டும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 வயதுக்குக் கீழே 11.5 கிராம், அதற்கு மேல் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 என்று எல்லைக்கோடு வேறு, எல்லோருக்கும் ஒரே கோடு போட்டுவிடாதே.

இன்னொன்று: நடுவில் வேறு என்னென்ன வந்தது என்று ஒரு குறிப்பேடு வை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1000 ரூபாய் வர ஆரம்பித்தது. வீட்டுக் குழாய் வந்திருக்கலாம், பருப்பு விலை ஏறியிருக்கலாம். முன்னும் பின்னும் மட்டும் பார்த்தால் எது எதனால் நடந்தது என்று சொல்ல முடியாது. திட்டம் இன்னும் தொடங்காத பக்கத்து வட்டாரத்தில் அதே அளவீட்டை எடுக்க முடிந்தால் விடாதே.

கூட்டத்தை ஊராட்சி அலுவலகத்தில் வைக்காதே, காலனிக்காரர்கள் வந்தாலும் பேசமாட்டார்கள். அவர்கள் தெருவிலேயே வை. மருமகளிடம் தனியாக, மாமியாரிடம் தனியாக, அப்பாக்களிடம் தனியாகப் பேசுங்கள். அறிக்கை மேலே போவதற்கு முன், அதே தெருவில் போய் முடிவைப் படித்துக் காட்டு. 'குழாய் போட்டார்கள், தண்ணீர்தான் வரவில்லை' மாதிரியான திருத்தம் அப்போதுதான் வரும்.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம். அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களின் ரத்தசோகை 53.4. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 55. சேவை இவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்த மாநிலத்தில் ரத்தம் ஏன் ஏறவில்லை என்பதுதான் எனக்கு வருத்தமான கேள்வி. உன் வட்டாரத்துக்காவது அதற்குப் பதில் கிடைக்க வேண்டும்.

மாத்திரையின் பாதையை எழுதிய தாளையும் வீட்டுப் பட்டியலையும் முதலில் அனுப்பு. கேள்வித்தாளை அதற்குப் பிறகு சேர்ந்து பார்க்கலாம். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல், சொட்டுமருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்.

அன்புடன்,
கலா