பாடவா, வாசிக்கவா?

பாளையங்கோட்டை

அன்புள்ள ஜெயராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு நீயே வயலின் சொல்லிக்கொடுக்கிறாய் என்றதும் மகிழ்ச்சி. உன் முன்கோபத்தை நினைத்தால்தான் பிள்ளைமேல் இரக்கம் வருகிறது. இங்கே கிரேஸுக்கு முழங்கால் வலி தேவலை. ஆலயப் பாடகர் குழுவில் டெனர் பாட ஆள் இல்லாததால் என்னை இன்னும் விட்டபாடில்லை.

நான் அனுப்பிய, பதினாறாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஒர்லாண்டோ டி லாஸோவின் இருகுரல் இசையை (இரண்டு மெட்டுகள் ஒரே நேரத்தில் ஒலிப்பது) பார்த்துவிட்டு, "இது பாடவா, வாசிக்கவா?" என்று கேட்டிருக்கிறாய். அவர் மியூனிக் அரசவையில் இருந்தபோது, 1577இல் அச்சான தொகுப்பு அது. மொத்தம் 24 உருப்படிகள். 12க்கு லத்தீன் வரிகள் உண்டு. மீதி 12இல் ஒரு சொல்லும் கிடையாது.

சொல் இல்லாதவை வாத்தியத்துக்கு என்று தீர்த்துவிடலாம்தான். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தக் காலத்துப் பையன்கள் உத், ரே, மி, ஃபா, சோல், லா என்று சொல்லித்தான் பாடப் பழகினார்கள், நம் பாகவதர்கள் ஸ்வரம் பாடுவதுபோல. சொல் இல்லாத தாளும் அவர்களுக்குப் பாட்டுதான். லாஸோ தொகுப்பின் முகப்பிலேயே, கற்றுக்கொள்பவர்களுக்கும் தேர்ந்தவர்களுக்கும் பயன்படும் என்று போட்டிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. வார்த்தை அச்சாகியிருப்பதாலேயே வாய்ப்பாட்டு என்றாகிவிடாது. 1533இல் பாரிஸில் பியேர் அத்தெஞான் நான்கு குரல் பிரெஞ்சுப் பாடல்களை அச்சிட்டபோது, எது பக்கவாட்டில் பிடிக்கும் குழலுக்குப் பொருந்தும், எது ரெக்கார்டர் என்னும் நேராகப் பிடித்து ஊதும் குழலுக்கு, எது இரண்டுக்கும் என்று எழுத்துகளால் குறித்திருக்கிறார். இங்கிலாந்தில் தாமஸ் மோர்லி 1595இல் வெளியிட்ட இருகுரல் புத்தகத்தில் பாடல்களோடு ஃபேன்டசி எனப்படும் சொல்லில்லாத ஒன்பது உருப்படிகளும் சேர்ந்தே இருக்கின்றன. அச்சுக்கூடத்துக்காரனுக்கு விற்பனைதானே முக்கியம்? பாடுகிறவனும் வாங்க வேண்டும், வாசிக்கிறவனும் வாங்க வேண்டும்.

வாத்தியத்தின் பக்கம் நான் சாய்வது ஒரே தொகுப்பில்தான்: 1521இல் ரோமில் வந்த எவுஸ்தாக்யோ ரொமானோவின் 45 இருகுரல் உருப்படிகள். வாத்தியக் குழுவுக்கென்றே அச்சான முதல் நூல் என்று அதை ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மற்றவற்றில் உன் கேள்வியே அந்தக் காலத்தவருக்கு விசித்திரமாகப் பட்டிருக்கும். வீட்டில் யார் இருக்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அவர்கள் முடிவு செய்துகொண்டார்கள்.

அதனால் தாராளமாக வாசி. லாஸோ தொகுப்பில் வரிகள் உள்ளவற்றிலிருந்து தொடங்கு. 'பேயாத்துஸ் ஹோமோ' என்பது வேறொன்றுமில்லை, ஞானத்தைக் கண்டடைகிறவன் பாக்கியவான் என்று ஞாயிறு பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த நீதிமொழிகள் வசனம். வில்லை எடுக்குமுன் லத்தீனை இரண்டு முறை வாய்விட்டுப் படி; எங்கே மூச்சு விட வேண்டும் என்று சொற்களே காட்டிவிடும். இன்னொன்று: அக்காலத்தில் ஒவ்வொரு குரலும் தனித்தனிப் புத்தகமாக, தாளத்தைப் பிரித்துக் காட்டும் செங்குத்துக் கோடுகள் இல்லாமல் அச்சானது. நீ பார்க்கும் கோடுகள் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் போட்டவை. கோட்டுக்குக் கோடு அழுத்தினால் இசை நொண்டும்; பேத்தியிடம் இதை முதலிலேயே சொல்லிவிடு. கீழ்க்குரல் வயலினுக்கு எட்டாமல் போனால் அதைவிடச் சற்றுப் பெரிய, கீழ்ச் சுரங்களுக்கு எட்டும் வயோலா ஒன்றை இரவல் வாங்கு.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அங்கே வருகிறோம். மேல்குரலை அவள் வாசிக்கட்டும், கீழ்க்குரலை நான் பாடுகிறேன். எந்த உருப்படி என்று முன்கூட்டியே எழுது. இந்த வயதில் எனக்குப் பயிற்சி வேண்டும்.

அன்புடன்,
சாமுவேல்