மயாமிக்கு மாறப்போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகன்,

குடும்ப வாட்ஸப் குழுவில் நீர் போட்டதை வாசித்தேன். இனி எங்கள் ரொறன்ரோவின் ஹொக்கி அணி லீஃப்ஸும் வேண்டாம், உதைபந்து அணி ரொறன்ரோ எஃப்.சி.யும் வேண்டாம், ஹொக்கிக்கு ஃபுளோரிடா பாந்தர்ஸ், உதைபந்துக்கு இன்டர் மயாமி என்று எழுதியிருந்தீர். பாந்தர்ஸ் 2024இலும் 2025இலும் அடுத்தடுத்து ஹொக்கியின் உச்சக் கோப்பையான ஸ்டான்லி கப் எடுத்துவிட்டார்கள். மெசியின் அணி 2025 டிசம்பரில் வட அமெரிக்க உதைபந்து லீக்கின் கோப்பையான எம்.எல்.எஸ். கப் எடுத்துவிட்டது. நாங்கள் இன்னமும் 1967ஐப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டிருந்தீர். மற்றவர்கள் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டார்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. உம்மைப் போல யோசிக்கிற பிள்ளைகள் வேறு பலரும் இருப்பார்கள், அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உம்முடைய கோபம் நியாயமானது. அதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன். 1967 மே மாதம் மொன்றியலை 3-1 என்று வென்று எடுத்த கப்தான் லீஃப்ஸின் கடைசிக் கப். லீக்கில் ஆறே அணிகள் விளையாடிய காலத்தின் கடைசி சீசன் அது. அதன்பின் இறுதிச் சுற்றுக்குக்கூட ஒருமுறை போனதில்லை. 2013இல் போஸ்டனுக்கு எதிரான தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில், மூன்றாவது பகுதியில் 4-1 என்று முன்னால் நின்றுவிட்டு ஓவர்டைமில் தோற்றார்கள். 2021இல் மொன்றியலுக்கு எதிராக மூன்றுக்கு ஒன்று என்று தொடரில் முந்தியிருந்து அடுத்த மூன்றையும் விட்டுக்கொடுத்தார்கள். 2004க்குப் பிறகு 2025 வரை எண்ணினால் பிளேஓஃபில், அதாவது சீசனுக்குப் பிறகு கப்புக்காக நடக்கும் வெளியேற்றுப் போட்டியில், வென்ற சுற்றுகள் இரண்டுதான்: 2023இல் தாம்பா பே, 2025இல் ஒட்டாவா. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அலுப்பு வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் 'இவர்களுக்கு ராசி இல்லை' என்று நீர் எழுதியதை நான் ஏற்க மாட்டேன். ராசி என்று சொன்னால் பொறுப்பானவர்கள் எல்லாரும் தப்பிவிடுவார்கள். இது ராசி இல்லை, கணக்கு.

2019-20 சீசனை எடும். ஓர் அணி வீரர்களுக்குச் செலவழிக்கக்கூடிய உச்சத்தொகை 81.5 மில்லியன் அமெரிக்க டொலர். மத்தியூஸ், டவாரெஸ், மார்னர், நிலாண்டர் என்ற நட்சத்திர வீரர்கள் நால்வருக்கும் சேர்த்து ஏறத்தாழ 40 மில்லியன் போனது. மற்ற மறுபாதியில் பின்வரிசை, கோல்காப்பாளர், மூவர் மூவராகக் களமிறங்கும் முன்வீரர்களின் மூன்றாம் நான்காம் வரிசை எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். உச்சத்தொகை வருடாவருடம் ஏறும், அப்போது மூச்சு விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கோவிட் வந்தது, மூன்று சீசனுக்கு அது 81.5இலேயே நின்றுவிட்டது. அந்த அடியை யாரும் முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகும் அதே நால்வரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வசந்தத்திலும் சுற்றியிருந்தவர்களை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்களே, அதற்கு என்ன சாட்டுச் சொல்வது? கூரைக்கு நல்ல ஓடு வாங்கிவிட்டு அத்திவாரத்துக்குக் காசில்லை என்று நின்ற கதை அது.

2025 மே மாதம் பாந்தர்ஸுடனான ஏழாவது ஆட்டத்தை நீர் என் வீட்டு சோபாவில் இருந்துதான் பார்த்தீர். தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றிருந்தோம். பிறகு சொந்த அரங்கில் ஐந்தாவது ஆட்டத்தை 6-1, ஏழாவது ஆட்டத்தையும் 6-1 என்று தோற்றோம். அந்த ஏழாவதில் பாந்தர்ஸின் ஆறு கோல்களையும் ஆறு வெவ்வேறு பேர் அடித்தார்கள், கவனித்தீரா? எங்களைக் கிழித்தது அவர்களுடைய மூன்றாவது வரிசை: மார்ஷண்ட், லுண்டெல், லுஓஸ்டாரினென். எங்கள் பக்கத்தில் மத்தியூஸ் அந்த ஏழு ஆட்டங்களிலும் ஒரே ஒரு கோல். அவருக்குக் காயம் இருந்தது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் ஆள் காயப்பட்டால் கோல் அடிக்க மூன்றாம் வரிசையில் ஆள் வேண்டும். பாந்தர்ஸிடம் இருந்தது, எங்களிடம் இல்லை. நீர் மாறப்போகிற அணியின் பலமே இதுதான். அதை இங்கே கொண்டுவரச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டு நீர் அங்கே போகப் பார்க்கிறீர்.

சரி, உதைபந்துக்கு வருகிறேன். அங்கேயும் இதே வியாதிதான், ஆனால் கதை இன்னும் வேதனையானது. ஏனென்றால் ரொறன்ரோ எஃப்.சி. ஒருமுறை இதைச் சரியாகச் செய்துகாட்டிய அணி.

2017ஐ நீர் சின்னப்பிள்ளையாகப் பார்த்தீர், நினைவிருக்குமோ தெரியாது. ஒரே ஆண்டில் கனேடியன் சாம்பியன்ஷிப், வழக்கமான சீசனில் அன்றைக்குச் சாதனையான 69 புள்ளிகளோடு முதலிடத்துக்கான சப்போர்ட்டர்ஸ் ஷீல்ட், கடைசியாக எங்கள் சொந்த மைதானம் பி.எம்.ஓ. ஃபீல்டில் சியாட்டிலை 2-0 என்று வென்று எம்.எல்.எஸ். கப். ஒரு வருடம் முன்னர் இதே சியாட்டிலிடம் இதே மைதானத்தில் பெனால்டியில் தோற்றிருந்தோம். ஜொவின்கோ, அல்டிடோர், பிராட்லி மூவரும் பெரிய சம்பளக்காரர்கள்தான். சம்பள வரம்புக்கு வெளியே மூன்று பேர்வரை எடுக்கலாம் என்று அந்த லீக்கில் விதி இருக்கிறது. ஆனால் அந்த அணியின் மூளை விக்டர் வாஸ்கெஸ். அவர் அந்த மூவரில் ஒருவர் இல்லை. இறுதிப் போட்டியின் இரண்டாவது கோல் அவருடையது. நடுக்களத்தில் ஒசோரியோ. எங்கள் பக்கத்துப் பிள்ளை, பிரம்டனில் வளர்ந்தவர். யாருக்கு என்ன வேலை என்று எல்லாருக்கும் தெரிந்த அணி அது. அன்றைக்கு அவர்கள் பந்தை நகர்த்திய விதத்தை இப்போது போட்டுப் பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஐந்து வருடம் கழித்து இன்சின்யே, பெர்னாடெஸ்கி என்ற இரண்டு நட்சத்திரங்களை இத்தாலியிலிருந்து கொண்டுவந்தார்கள். விமான நிலையத்தில் கூட்டம், பாட்டு, கொடி. அடுத்த சீசன், அதாவது 2023இல், 34 ஆட்டங்களில் நான்கு வெற்றி, 22 புள்ளி, லீக்கிலேயே கடைசி இடம். 2025 கோடையில் இருவருடைய ஒப்பந்தத்தையும் பாதியில் முடித்து அனுப்பிவிட்டார்கள். பெர்னாடெஸ்கி ஓடி விளையாடினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இரண்டு பேருக்குப் பின்னால் அணி என்று ஒன்று இருக்கவில்லை. ஜொவின்கோ வெற்றி பெற்றாரே, இன்னொரு இத்தாலியனைக் கொண்டுவந்தால் அதே வெற்றி வரும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். 2017இல் ஜொவின்கோவைச் சுற்றி என்ன இருந்தது என்பதை மறந்துவிட்டார்கள்.

இதிலே எனக்கு அதிகம் எரிச்சல் தருவது எது தெரியுமா? இரண்டு அணிக்கும் முதலாளி ஒருவர்தான். மேப்பிள் லீஃப் ஸ்போர்ட்ஸ் அண்ட் என்டர்டெயின்மென்ட் என்ற ஒரே நிறுவனம். 2025 ஜூலையில் பெல் தொலைபேசி நிறுவனத்திடமிருந்த பங்கை அதன் போட்டி நிறுவனமான ரொஜர்ஸ் 4.7 பில்லியன் டொலருக்கு வாங்கி முக்கால் பங்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஒரு கட்டிடத்தில் கற்ற பாடம் பக்கத்துக் கட்டிடத்துக்குப் போகவில்லை என்றால் அதை எப்படி விளங்கிக்கொள்வது?

அதே நிறுவனத்திடம் இன்னொரு அணியும் இருக்கிறது, நீர் கணக்கிலேயே எடுக்காத அணி. ஆர்கோஸ். கனேடியன் ஃபுட்போல், முட்டை வடிவப் பந்து. 1873இல் தொடங்கிய கழகம். 2024இல் இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில் ஆட்டத்தை நடத்துகிற முதல் குவாட்டர்பேக் செட் கெல்லிக்குக் கால் உடைந்தது. அடுத்த வாரம் மாற்று ஆளாக வந்த நிக் ஆர்பக்கில் வின்னிபெக்குக்கு எதிராக 41-24 என்று அந்த லீக்கின் கோப்பையான கிரே கப்பை எடுத்துக்கொடுத்தார், ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. 2025இல் அவர்கள் பிளேஓஃபுக்கே போகவில்லை என்பது உண்மை. ஆனாலும் நான் சொல்லவந்தது நடந்துதான் இருக்கிறது. நட்சத்திரம் விழுந்த பிறகும் கப் எடுக்கக்கூடிய அணி இதே நகரத்தில், இதே முதலாளியிடம் இருந்தது. இவ்வளவு நல்ல வேலை செய்த அணியைப் பார்க்க நாங்கள் போகவில்லை. அது எங்கள் எல்லாருடைய குறை.

மெசியைக் காட்டி நீர் இதை மறுப்பீர் என்று எனக்குத் தெரியும். நட்சத்திரம் வாங்கிய மயாமி கப் எடுக்கவில்லையா என்று கேட்பீர். நல்ல கேள்வி. 2024இல் மயாமி 74 புள்ளி எடுத்து லீக் சாதனை படைத்தது. மெசி, சுவாரெஸ், புஸ்கெட்ஸ், அல்பா எல்லாரும் இருந்தார்கள். முதல் சுற்றிலேயே அட்லாண்டாவிடம் தோற்று வெளியே போனார்கள். 2025இல் கப் எடுத்தபோது அலெந்தே என்ற இளைஞர் பிளேஓஃப் முழுக்க கோல் மேல் கோல் அடித்தார், டி பால் நடுவில் நின்று ஓடினார். மெசி இல்லாமல் அது நடந்திருக்காது. மெசியும் நட்சத்திரங்களும் மட்டும் இருந்தபோதும் அது நடக்கவில்லை. இதற்குமேல் நான் இழுக்கமாட்டேன், ஏனென்றால் மெசி போன்ற ஒருவரை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது.

அந்த இறுதிப் போட்டியில் வன்கூவருக்காகச் சமன்செய்யும் கோலை அடித்தவரைக் கவனித்தீரா? அலி அஹமட். ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை. எங்கள் நகரத்தில் ஆள் இல்லாமல் இல்லை. இருக்கிறவர்கள் நாட்டின் மறுகரைக்குப் போய் கோல் அடிக்கிறார்கள்.

மார்னரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், குழுவில் நீர் அவரைப் பற்றி எழுதிய வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. மார்க்கம் நகரத்தில் பிறந்தவர், எங்களுடைய பிள்ளைகள் சறுக்கப் பழகிய அதே ஊர். லீஃப்ஸுக்காக கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 700க்கு மேல் புள்ளிகள் எடுத்தவர். 2025 கோடையில் லாஸ் வேகஸுக்குப் போனபோது அவரைத் துரோகி என்றார்கள். பிளேஓஃபில் அவர் மறைந்துபோனார் என்று விமர்சிக்கலாம், அதில் பிழை இல்லை. ஆனால் அவருடைய குடும்பத்தையும் வீட்டையும் இழுத்தவர்களை நான் ரசிகர்கள் என்றே சொல்லமாட்டேன். அதே கோடையில் டவாரெஸ் என்ன செய்தார் பாரும்: முன்னர் வருடத்துக்கு 11 மில்லியன் வாங்கியவர் 4.38 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கேயே நின்றார். ஒருவர் போனதற்கும் ஒருவர் நின்றதற்கும் காரணம் உண்டு. இரண்டு பேரையும் மரியாதையாகவே பேசவேண்டும்.

இனி நீர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்: தோற்கிற அணியோடு ஏன் நிற்கவேண்டும்?

நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில், 1993 மே மாதம், லீஃப்ஸுக்கு லொஸ் ஏஞ்சலஸுடன் ஆறாவது ஆட்டம். அவர்களுடைய கிரெட்ஸ்கியின் மட்டை எங்கள் கில்மரின் முகத்தில் பட்டது, நடுவர் விட்டுவிட்டார், கொஞ்ச நேரத்தில் அதே கிரெட்ஸ்கி வெற்றிக் கோல் அடித்தார். அடுத்த நாள் தொழிற்சாலையில் இத்தாலியன், போர்த்துக்கேயன், ஜமேக்கன் எல்லாரும் ஒரே ஆத்திரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். என்னுடைய ஆங்கிலம் அப்போது அரைகுறை. ஆனால் அந்தச் சண்டைக்குள் என்னையும் இழுத்து 'நீ பார்த்தாயா, நீயே சொல்லு' என்று கேட்டார்கள். இந்த நகரத்தில் என்னுடைய அபிப்பிராயத்தை யாரோ கேட்ட முதல் நாள்களில் அது ஒன்று. பாந்தர்ஸ் உமக்குக் கப் தருவார்கள். அடுத்த நாள் பஸ்ஸில், வேலையில், கடையில், முன்பின் தெரியாதவரோடு சேர்ந்து கோபப்படவும் சந்தோசப்படவும் ஒரு வாய்ப்பை அவர்களால் தரமுடியாது. அதற்கு நீர் ஃபுளோரிடாவில் இருக்கவேண்டும்.

நிற்பது என்றால் வாயை மூடிக்கொண்டு நிற்பது என்று அர்த்தம் இல்லை. லீஃப்ஸின் இருக்கைகள் எப்படியும் நிரம்பும், கம்பனிகள் சீசன் டிக்கெட்டை விடாது, அதனால் அங்கே நாங்கள் போகாமல் விட்டாலும் யாருக்கும் வலிக்காது. பி.எம்.ஓ. ஃபீல்டில் அப்படி இல்லை. அங்கே வெறும் இருக்கை முதலாளிக்குத் தெரியும், தெற்குப் பக்கத்து ரசிகர்கள் பிடிக்கிற பதாகையும் தெரியும். 2007இல் முதல் நான்கு ஆட்டங்களிலும் கோலே அடிக்காத ரொறன்ரோ எஃப்.சி.க்கு, ஐந்தாவதில் 24ஆவது நிமிடத்தில் டிக்கியோ முதல் கோல் அடித்தபோது மக்கள் இருக்கை மெத்தைகளைக் களத்துக்குள் வீசினார்கள். பிறகு எட்டு சீசன் பிளேஓஃப் இல்லாமல் இருந்தும் அவர்கள் ஒவ்வொரு 24ஆவது நிமிடத்திலும் அவர் பெயரைப் பாடினார்கள், மோசமான நிர்வாகத்தைச் சத்தமாகத் திட்டினார்கள். இரண்டையும் ஒரே வாயால் செய்தார்கள். 2017 அவர்களுக்குத்தான் சேரவேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். மெசியைப் பாரும், ரசியும், நானும் பார்க்கிறேன். பாந்தர்ஸின் மூன்றாவது வரிசையைப் படியும். அப்புறம் இங்கே வந்து, எங்களுக்கும் அது வேண்டும் என்று கேளும். ஒசோரியோ விளையாடுகிற ஒரு சனிக்கிழமை தெற்குப் பக்கத்துக்கு என்னோடு வாரும், டிக்கெட் என் செலவு. ஆர்கோஸ் ஆட்டத்துக்கும் ஒருநாள் போவோம், விதிகளை நான் சொல்லித்தருகிறேன்.

மயாமியைப் பற்றி நான் எழுதியதில் உமக்கு உடன்பாடு இராது. அதற்குப் பதில் எழுதும், குழுவில் வேண்டாம், எனக்கு நேரே எழுதும்.

அன்புடன்
மாமா