காசநோய் ஆய்வகத்தில் கை வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடுத்த பெருந்தொற்றுக்கு எப்படித் தயாராவது என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படுக்கை, ஆக்சிஜன், தடுப்பூசி எல்லாம் இருந்தன. காசநோய் பற்றி ஒரு வரி இல்லை. விழுப்புரம் மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் சளிப் பரிசோதனை செய்து ஓய்வு பெற்றவள் என்பதால் எழுதுகிறேன்.

பிரதமர் ஊரடங்கை அறிவித்த 2020 மார்ச் 24, உலகக் காசநோய் நாளும்கூட. அதற்கப்புறம் என் மேசைக்குச் சளி டப்பா வருவது அநேகமாக நின்றேபோனது. பஸ் இல்லை. இருமினால் கொரோனா என்று பிடித்துப் போய்விடுவார்கள், வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் வந்து பாருங்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வரவழைத்த ஜனங்கள், இருமலை மறைக்க ஆரம்பித்தார்கள். மீறி வந்தவர்களுக்கும் பார்க்க ஆள் இல்லை. என்னை மூக்கில் மாதிரி எடுக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். காசநோய்க் கிருமியைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகளும் பல இடங்களில் கொரோனா பரிசோதனைக்குப் போய்விட்டன. கொரோனாவுக்கு ஆள் வேண்டும், சரி. ஒருவரைக்கூட விட்டுவைக்காமல் எடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தியாவில் 2019-ல் பதிவான காசநோயாளிகள் சுமார் 24 லட்சம் பேர். 2020-ல் சுமார் 18 லட்சம். நோய் குறைந்ததால் வந்த கணக்கு இல்லை இது. கண்டுபிடிக்காமல் விட்டதால் வந்தது. பத்தாண்டுக்கும் மேலாகக் குறைந்துவந்த காசநோய்ச் சாவுகள் அந்த ஆண்டு உலக அளவில் மறுபடி கூடின என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னது.

ஏற்கெனவே மருந்து சாப்பிட்டவர்களுக்கு எங்கள் களப்பணியாளர்கள் வீடு தேடிப்போய் மாத்திரை கொடுத்தார்கள். அவர்களை வணங்குகிறேன். பெயரே பதிவாகாதவர்களுக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது? 2021-ல் நான் மைக்ராஸ்கோப்புக்குத் திரும்பிய பிறகு செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். மெடிக்கலில் இருமல் டானிக் வாங்கிக் குடித்தே பல மாதம் ஓட்டியிருக்கிறார். ஸ்லைடில் மூன்று பிளஸ். பார்த்த இடமெல்லாம் கிருமி. நேரத்தோடு வந்திருந்தால் ஆறு மாத மாத்திரையில் குணமாகியிருப்பார். மருந்து ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே இறந்துபோனார். அவருடைய மகளுக்கும் நோய் தொற்றியிருந்தது.

கொரோனா, காசநோய் இரண்டுக்கும் சேர்த்தே பரிசோதியுங்கள் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது 2020 ஆகஸ்டில். அதற்குள் ஐந்து மாதம் போய்விட்டது. அடுத்த முறை முதல் காய்ச்சல் முகாமிலேயே, நாள்பட்ட இருமலோடு வருகிறவர் கையில் சளி டப்பாவையும் கொடுக்க வேண்டும். தாலுகாவுக்கு ஒரு ஆய்வகப் பணியாளரும் ஒரு கருவியும் எந்த நெருக்கடியிலும் காசநோய்ப் பணியிலிருந்து மாற்றப்படக் கூடாது. இந்த இரண்டையும் சுகாதாரத் துறை இப்போதே அரசாணையாக வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
விழுப்புரம் மாவட்டம்.