கொஞ்சம் பின்னால் வந்து எடு, பாப்பா

பாப்பாவுக்கு,

படம் வந்தது. படம் மட்டும்தான் வந்தது, கூட ஒரு வரி இல்லை. எங்கே, யாரோடு போனாய், எப்போது இறங்கினாய், ஒன்றும் இல்லை. அம்மா இரண்டு தடவை வந்து "வேற ஒண்ணும் எழுதலையா" என்று கேட்டுவிட்டுப் போனாள். சரி, வேலை இருந்திருக்கும். நீ அனுப்பியது படம், அதனால் நானும் படத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

வெளிச்சம் பிரமாதம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்து மலையின் ஒரு முகம் பொன்னாகவும் மறுமுகம் கருநீலமாகவும் பிரிந்ததால்தான் அதற்கு அந்தக் கனம் வந்திருக்கிறது, உச்சி வெயிலில் எடுத்திருந்தால் அட்டையில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையாகப் போயிருக்கும். இருட்டிலேயே எழுந்து நடந்து போய்க் காத்திருந்திருக்கிறாய். அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது, பார்த்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது.

சிகரத்தின் நுனி மேல் ஓரத்தில் முட்டுகிறது, கொஞ்சம் வானம் விட்டிருக்கலாம். இடது ஓரத்து வெள்ளைப் பனித்திட்டு கண்ணை இழுக்கிறது, அதை வெட்டிவிடு. இதெல்லாம் சின்ன விஷயம்.

பெரிய விஷயம் முன்னால் இருக்கும் பாறை. 16 எம்எம் அகலக் கோண லென்ஸில் அதன் கிட்டே போய் நின்று எடுத்திருக்கிறாய், பாறை பூதாகரமாக இருக்கிறது, மலை அதற்குப் பின்னால் ஒடுங்கிவிட்டது. நேரில் உன்னை மிரட்டிய மலை படத்தில் மிரட்டவில்லை. பெரிய திரையில் போட்டுப் பார்த்தபோது வலது கீழ் மூலையில் இன்னொன்றும் தெரிந்தது: ட்ரைபாடின் ஒரு கால். அதன் ரப்பர் நுனி பாறையின் விளிம்பில் பாதி வெளியே நிற்கிறது, அதற்கு அப்புறம் மேகம்தான். மூலையில் இப்படி ஏதாவது நுழைந்தால் கண் அங்கே போய்விடும், அதற்காகச் சொல்கிறேன்.

பின்னால் வா. பாறைக்கும் உனக்கும் 2 மீட்டர் இருந்தது என்று வைத்துக்கொள். 10 மீட்டர் பின்னால் வந்து, 100 எம்எம் அளவுக்கு ஜூம் செய். பாறை படத்தில் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும், ஆனால் மலை ஆறு மடங்கு பெரிதாக எழுந்து வரும், ஏனென்றால் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலைக்கு உன் 10 மீட்டர் ஒரு தூரமே இல்லை. அவ்வளவும் ஃப்ரேமுக்குள் அடங்காது, எதை விடுவது என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு அந்தச் சிகரமும் பாறையின் மேல் விளிம்பும் போதும். பின்னால் மேடு இருந்தால் அதில் ஏறிக்கொள், பாறைக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தாக்கு திறக்கும், கண் படிப்படியாக உள்ளே போகும். விளிம்பில் நின்று எடுத்தால் அந்த நடுப்பகுதியே இல்லாமல் போகிறது. ஒரு தொல்லை உண்டு, 100 எம்எம்-இல் லென்ஸின் துளையை f/11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் பாறையும் மலையும் ஒரே ஷாட்டில் கூர்மையாக வராது. பாறைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று ஃபோகஸ் செய்து எடுத்து அப்புறம் சேர்த்துக்கொள், துளையை இன்னும் சுருக்கி f/22-க்குப் போகாதே, எல்லாமே மழுங்கிவிடும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1942-இல் எடுத்த டீட்டன் மலைப்படம் உனக்குத் தெரியும். ஸ்நேக் ஆறு வளைந்து வளைந்து கண்ணை மலையடிவாரம் வரை கொண்டுபோய் விடுகிறது. 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் பூமியின் படங்களையும் ஒலிகளையும் பதித்து அனுப்பிய தங்கத் தட்டிலும் அந்தப் படம் இருக்கிறது. இன்று அந்த இடம் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கிற இடம், மரங்கள்தான் வளர்ந்து ஆற்றின் வளைவைக் கொஞ்சம் மறைத்துவிட்டன. நீ உடனே 1927-இல் அவர் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் மலையை எடுக்க ஏறி நின்ற விளிம்புப் பாறையைச் சொல்வாய். சொல்லு. அங்கே அவர் தனியாகப் போகவில்லை, நண்பர்கள் நான்கு பேர் கூட ஏறினார்கள். அந்தப் படத்தின் கறுத்த வானம் கடைசிக் கண்ணாடி நெகட்டிவ் தகட்டுக்கு அவர் போட்ட அடர் சிவப்பு ஃபில்டரால் வந்தது.

சித்தப்பாவின் கால் விஷயத்தை நான் எழுதப் போவதில்லை, உனக்குத் தெரியாததா. அவனும் நல்லாத்தான் எடுப்பான்.

பின்னால் வா என்று மறுபடி மறுபடி எழுதுகிறேன் என்று எரிச்சல்படாதே. போன வருஷம் அனுப்பிய பனிமூட்டப் படத்துக்கும் இதையேதான் சொன்னேன், நீ பதில் போடவில்லை. அதில் ஐந்து மலைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகும், இதுவரை நீ எடுத்ததில் எனக்குப் பிடித்தது அதுதான், அதை நீளமான லென்ஸில் எடுத்தாய் என்பது நினைவிருக்கிறதா. அந்த லென்ஸை ஏன் இந்தத் தடவை எடுத்துப் போகவில்லை? பாரம் என்றால் கூட வருகிறவரிடம் கொடு. கூட யாராவது வருகிறார்கள்தானே?

இந்தப் படத்தின் ரா ஃபைலை, கேமரா பதிவு செய்த மூலக் கோப்பை, அனுப்பு, அந்த மூலையை வெட்டி மேலே கொஞ்சம் வானம் சேர்க்க முடிகிறதா என்று பார்க்கிறேன். அடுத்த படத்தோடு எங்கே நின்று எடுத்தாய் என்று ஒரு வரி எழுது, கீழே இறங்கியதும் அம்மாவுக்கு ஒரு போன் போடு. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை.

அப்பா