டீக்கடையில் கிடைத்த தகவல்

ஆசிரியருக்கு,

பொறியியல் கலந்தாய்வு பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். சென்ற ஆண்டு கட்ஆஃப் பட்டியலைப் பார்த்தே கல்லூரியை முடிவு செய்யலாம் என்ற தொனி அதில் இருந்தது. கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50 என 200-க்குக் கணக்கிடப்படும் அந்த எண், ஓர் இடத்துக்கு எவ்வளவு போட்டி இருந்தது என்பதைத்தான் காட்டும்; உள்ளே பாடம் எப்படி நடக்கிறது என்று சொல்லாது. தரச்சான்றுகளிலும் இதே குழப்பம்தான்: நாக் (NAAC) எனும் தேசிய மதிப்பீட்டுக் குழுவின் தரச்சான்று கல்லூரிக்கு மொத்தமாகத் தரப்படுவது, என்பிஏ (NBA) எனும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பாடப்பிரிவுக்கானது. விளம்பரங்களில் இரண்டையும் கலந்து போட, நாமும் தலையாட்டிவிடுகிறோம்.

என் மகளுக்காக ஒரு கல்லூரியைப் பார்க்கப் போயிருந்தோம். வரவேற்பறையில் ஏசி, பழச்சாறு, சுவர் முழுக்க வேலை கிடைத்தவர்களின் படங்கள். அப்புறம் வாசல் டீக்கடையில் நின்ற மூன்றாம் ஆண்டு மாணவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "லேப்ல எட்டு பேருக்கு ஒரு செட்டுதான் அங்கிள். சார்ங்க மாறிக்கிட்டே இருப்பாங்க" என்றார். அன்றிரவே அந்தப் பெயர் எங்கள் விருப்பப் பட்டியலில் கீழே இறங்கியது. எல்லாப் பெற்றோராலும் இப்படி ஊர் ஊராக அலைய முடியாது. அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியிடுகிறது, சரி. அதைப் பாடப்பிரிவுவாரியாகப் பிரித்து, பணியில் உள்ள ஆசிரியர் எண்ணிக்கையுடன், மாணவர்கள் விருப்பப் பட்டியல் நிரப்பும் இணையப் பக்கத்தில் கல்லூரிக் குறியீட்டு எண்ணுக்குப் பக்கத்திலேயே காட்டலாமே.

– ஒரு பெற்றோர், விருதுநகர்