மேல்வீட்டு அன்ரிமாரைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நான் சுகம். அப்பாவின் முழங்கால் பழையபடிதான், புதிய மருந்தும் கேட்கவில்லை. வேறு செய்திகளும் இருந்தன, பேனாவை எடுத்ததும் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. போன ஞாயிறு தொலைபேசியில், உன்னோடு ஒரே வீட்டில் இருக்கும் அந்தப் பெண்பிள்ளைக்கு அடுத்த மாதம் சத்திரசிகிச்சை என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் ரொறன்ரோ மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாய். என்ன வருத்தம், எந்த வைத்தியசாலை, யார் கூட நிற்பது, ஒன்றும் சொல்லவில்லை. காலமெல்லாம் தாதியாக வேலை செய்தவளிடமா மழையைப் பற்றிப் பேசுவது?

ஒன்றைத்தான் கேட்கிறேன். வைத்தியசாலைப் படிவத்தில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறதா? வீட்டு உறுதிப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கின்றனவா? மரணசாசனம் எழுதியாயிற்றா? இதையெல்லாம் ஏன் கேட்கிறேன் என்று உனக்கு விளங்க வேண்டுமென்றால் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் நமக்கு மேல்வீட்டில் இருந்த அன்ரிமாரைப் பற்றி நீ முழுவதும் அறிய வேண்டும்.

உனக்குத் தெரிந்ததெல்லாம் உயரமான அன்ரியின் விசிலும் ரீச்சர் அன்ரியின் கேக்கும்தான். ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று அவர்கள் ஊருக்குச் சொன்னதையே நாங்களும் உனக்குச் சொன்னோம். அவர்கள் காதலர்கள். முப்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். பின் அறைக் கட்டிலில் குதித்து விளையாடுவாயே, அதில் ஒருநாளும் யாரும் படுத்ததில்லை. வருகிறவர்கள் கண்ணுக்காக, உயரமான அன்ரி காலையில் அந்தத் தலையணையைக் கையால் அமுக்கி ஒரு பள்ளம் செய்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

அவர்கள் சந்தித்தது 1952இல், செல்சியில், கிங்ஸ் வீதியில் இருந்த கேட்வேஸ் கிளப்பில். உயரமான அன்ரி போர்க்காலத்தில் விமானப்படையின் பெண்கள் பிரிவில் இருந்தவர். போர் நடக்கும்வரை சீருடை போட்ட பெண்கள் நாட்டுக்குத் தேவைப்பட்டார்கள். முடிந்ததும், கல்யாணம் கட்டிக்கொண்டு வீட்டில் இருங்கள் என்றார்கள். அப்படி இருக்க முடியாத பெண்கள் போய் உட்கார லண்டனில் எத்தனை இடம் இருந்திருக்கும்? கேட்வேஸை 1943இல் டெட் வேர் என்பவர் பொறுப்பெடுத்தார். பின்னாளில் அவர் மனைவி ஜீனாவும், அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்மித்தி என்ற பெண்ணும் அதை நடத்தினார்கள். முதலில் ஆண்களும் வருவார்களாம். 1967இல்தான் பெண்களுக்கு மட்டும் என்று ஆனது. வாசல் பக்கத்துத் தெருவில். பச்சைக் கதவு, செங்குத்தான படிகள், கீழே ஜன்னலே இல்லாத நிலவறை. சனிக்கிழமைகளில் உயரமான அன்ரி கழுத்துப்பட்டியைக் கைக்குட்டைக்குள் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு 11ஆம் இலக்க பஸ் ஏறுவார். படியில் நின்று கட்டுவார், திரும்பும்போது அதே படியில் அவிழ்ப்பார்.

பெண்ணும் பெண்ணும் சேர்வதற்கு எதிராக இங்கே இங்கிலாந்தில் ஒருபோதும் சட்டம் இருந்ததில்லை. ஆணும் ஆணும் சேர்ந்தால் 1967 வரை சிறைக்கு அனுப்பினார்கள். பெண்களையும் சேர்க்க 1921இல் ஒரு முயற்சி நடந்தபோது, பாராளுமன்றத்தின் பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட்டது. சட்டம் போட்டால் இப்படியொன்று இருப்பதே பெண்களுக்குத் தெரிந்துவிடுமாம்! சட்டம் இல்லாவிட்டாலும் வேலை போகும், வாடகை அறை போகும். 1968இல் ஒரு சினிமாக் குழு அந்தக் கிளப்புக்குள் வந்து, உறுப்பினர்களையே ஆடவைத்துப் படம்பிடித்தது. தன் முகம் திரையில் தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் வேலை போய்விடும் என்று ரீச்சர் அன்ரி அந்த நாட்களில் கிங்ஸ் வீதிப் பக்கமே போகவில்லை. அவ்வளவு கவனமான மனுஷி, மரணசாசனம் மட்டும் எழுதவில்லை. எழுதினால் சட்டத்தரணியிடம் காரணம் சொல்ல வேண்டுமே என்ற பயம்.

1983இல் ரீச்சர் அன்ரி விழுந்தபோது உனக்கு ஏழு வயது. வைத்தியசாலையில் உறவினர் மட்டும் என்றார்கள். ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லி உயரமான அன்ரி இரண்டு இரவு பக்கத்தில் இருந்துவிட்டார். மூன்றாம் நாள் உடன்பிறந்த அண்ணன் வந்தார். எங்களுக்கு அப்படி ஒரு சகோதரி இல்லையே என்றார். அதோடு முடிந்தது. கடைசி மூச்சு போகும்போது அன்ரி வெளியே நடைக்கூடத்தில், என் பக்கத்தில் இருந்தார்.

தேவாலயத்தில் உயரமான அன்ரிக்குப் பின் வரிசை. அவரிடம் துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை, எல்லோரும் அண்ணனிடம் போனார்கள். அடுத்த சனிக்கிழமை, தனியாகப் போக முடியவில்லை, கூட வா என்று என்னைக் கேட்டார். சேலைக்கு மேல் மேலங்கி போட்டுக்கொண்டு நானும் அந்தப் படிகளில் இறங்கினேன். புகையும் பாட்டுமாக இருந்தது, இளம்பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நரைத்த தலைகள் ஐந்தாறு மூலையிலிருந்து எழுந்து, ஒவ்வொருவராக வந்து அன்ரியின் கையைப் பிடித்தார்கள். ஒருத்தி குனிந்து அவர் கழுத்துப்பட்டியின் முடிச்சைச் சரிசெய்துவிட்டாள். மகளே, ரீச்சர் அன்ரியின் செத்தவீடு அங்கேதான் நடந்தது.

நாங்கள் வாடகைக்கு இருந்த அந்த வீடு ரீச்சர் அன்ரியின் பெயரில் மட்டும் இருந்தது. அண்ணன் விற்றுவிட்டார். வாடகை ஏறியதால் நாங்கள் ஹாமர்ஸ்மித்தை விட்டோம் என்று உனக்குச் சொன்னது பொய். உயரமான அன்ரி இரண்டு பெட்டிகளோடு போனார். அந்த அண்ணனும் கெட்டவர் இல்லை, தங்கைக்காக அழுதார். அவர் கையில் உறுதி இருந்தது, இவர் கையில் ஒன்றுமில்லை. நம் தம்பியும் நல்லவன்தான், அதற்காகத்தான் சொல்கிறேன்.

உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2003 முதல் இரண்டு பெண்கள் சட்டப்படி மணம் முடிக்கலாம். முடிக்காமல் எத்தனை வருடம் சேர்ந்திருந்தாலும், மரணசாசனம் இல்லாவிட்டால் ஒருவர் சொத்து மற்றவருக்குத் தானாக வராது. இதை நான் தேடிப் படித்தேன். அவ்வளவு பெரிய பாலங்களுக்குக் கணக்குப் போடுகிற நீ இந்தக் கணக்கைப் போட்டாயா? நீ அங்கே தலைமைப் பொறியியலாளர் ஆன செய்தியை நான் சொல்லாத ஆள் இந்தத் தெருவில் இல்லை. ஆனால் எனக்கு மட்டும் நீ மழையைப் பற்றிச் சொல்கிறாய். அன்ரிமாருக்கு மறைக்கக் காரணம் இருந்தது. உனக்கு யாரிடமிருந்து மறைக்க வேண்டும், என்னிடமிருந்தா?

சரி, நீ சொல்ல வேண்டாம், நானும் கேட்கவில்லை. படிவத்தில் பெயர், உறுதியில் பெயர், மரணசாசனம். சத்திரசிகிச்சைக்கு முன்பே, இந்த வாரமே, இருவரும் சேர்ந்து சட்டத்தரணியிடம் போங்கள். என்ன சத்திரசிகிச்சை என்று எழுது, யார் சமைப்பது என்றும் எழுது. வா என்றால் நான் வந்து ஒரு மாதம் நிற்பேன். அப்பாவிடமும் தம்பியிடமும் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா