பையன்கள் வராமல் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் பசுமை எரிசக்தி வேலைகள் பற்றி வந்த கட்டுரையில், நம் இளைஞர்கள் இந்தத் துறைக்கு வர முன்வருவதில்லை என்று ஒரு வரி இருந்தது. யாரைக் கேட்டு அதை எழுதினீர்கள் ஐயா?

நான் பினாங்கு பட்டர்வொர்த்தில் 27 வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். என் மகன் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்து, மின்சாரத்தில் எஸ்.கே.எம். என்ற திறன் சான்றிதழின் மூன்றாம் நிலையும் முடித்து, அப்புறம் சோலார் பயிற்சிக்கும் போனவன். கிடைத்த வேலை ஒரு துணை கான்ட்ராக்டரிடம். நாளுக்கு 70 வெள்ளி (ரிங்கிட்), மழை பெய்தால் அதுவும் இல்லை. சேமநிதியான இ.பி.எஃப்., வேலை விபத்துக் காப்புறுதியான சொக்சோ, இரண்டின் பேச்சே கிடையாது. புக்கிட் மெர்தாஜமில் ஒரு தகரக் கூரை மேல் நாலு பேர் நிற்க, பாதுகாப்பு வார் இரண்டுதான் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அங்கே பேனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரை அதற்குரிய கருவி இல்லாமல் சாதாரண பிளேயரால் நசுக்கி மாட்டச் சொன்னார்கள். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே பிடிப்பு சரியில்லாவிட்டால் நாளாக ஆகச் சூடேறி உருகும், தீயும் பிடிக்கும். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருக்கும். பேனலில் வரும் டி.சி. மின்சாரத்தில் கிளம்பும் பொறி, வீட்டில் வரும் ஏ.சி. மின்சாரம் மாதிரி சுலபத்தில் அணையாது. பயிற்சியில் படித்ததை என் மகன் எடுத்துச் சொன்னான். மறுநாள் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. இப்போது மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். இவனையா முன்வராதவன் என்கிறீர்கள்?

2023இல் அரசாங்கம் எரிசக்தி மாற்றத் திட்டத்தை அறிவித்தபோது, 10 முதன்மைத் திட்டங்களால் 23,000 வேலை, 2050க்குள் 310,000 வேலை என்று நீங்களும் பெரிதாகப் போட்டீர்கள். படித்துவிட்டு நானும் மகனைச் சேர்த்துவிட்டேன். அந்த வேலைகளுக்குச் சம்பளம் என்ன, நிரந்தரமா, யார் பழக்கிவிடுவார்கள் என்று அன்றைக்கு ஒரு வரி கேட்டிருக்கக் கூடாதா? இது நேற்று முளைத்த தொழிலும் இல்லை. பக்கத்து ஊரான கூலிமில் 2008இலேயே சோலார் பேனல் தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

என் அப்பா நிபோங் தெபால் பக்கம் தோட்டத்தில் வேலை செய்தவர். முதலாளிகள் தோட்டத்தை விற்று எங்களை வெளியே அனுப்பியபோதும், இவர்களுக்குத் தொழில் கற்க ஆசையில்லை என்றுதான் சொன்னார்கள். பிறை ஊரில் தொழிற்சாலை வாசலில் நான் நின்றபோது அனுபவம் கேட்டார்கள். இன்று என் மகனிடமும் அதையே கேட்கிறார்கள். வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும்?

போன தீபாவளிக்கு முன்பும் இதைப் பற்றி எழுதினேன். நீங்கள் போடவில்லை. இடம் இல்லாமல் இருந்திருக்கும், சரி.

கேட்பது ஒன்றுதான். இனி பயிற்சி பற்றிச் செய்தி போடும்போது, சென்ற முறை படித்த பிள்ளைகள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்று அந்த நிலையத்தைக் கேட்டு இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். பெற்றவர்கள் அதைப் பார்த்து முடிவு செய்துகொள்வோம்.

இந்தக் கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம். மகன் இன்னும் இந்தத் துறையில்தான் வேலை தேடுகிறான்.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன்,
பட்டர்வொர்த், பினாங்கு